வில்ட்ஷயர் கிராமம் ஒன்றின் கதையைத் தேட: சிவப்புத் தொகுதியா, வரைபடமா, மூல ஆவணமா, பழைய செய்தித்தாளா?

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே பொருள் குவிந்துவிடும். அச்சான கவுன்ட்டி வரலாறு, பழைய நிலப்படங்கள், ஞானஸ்நானப் பதிவேடுகள், உயில்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இருநூறு வருடச் செய்தித்தாள்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசலைத் திறக்கும். எந்த வாசலில் முதலில் நுழைகிறோமோ, அதை வைத்தே நாம் எழுதும் வரலாற்றின் முகமும் அமைந்துவிடுகிறது. அதனால்தான் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்ட கவுன்ட்டி வில்ட்ஷயர். ஸ்டோன்ஹெஞ்சும் ஏவ்பரியும் சாலிஸ்பரி பேராலயமும் இருக்கும் தென்மேற்கு இங்கிலாந்துப் பகுதி. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மேலே சொன்ன எல்லா வகை ஆதாரமும் இங்கே நன்றாகக் கிடைக்கிறது. இரண்டாவது, சென்னையோடு நேரடித் தொடர்புள்ள ஓர் இடம் இங்கே இருக்கிறது. சாலிஸ்பரிக்கு வடக்கே சுமார் 2 மைல் தொலைவில் உள்ள ஓல்ட் சாரம் என்ற மண்கோட்டை மேடும், அதன் அடிவாரத்து ஸ்ட்ராட்ஃபர்ட் சப் காசில் கிராமமும்தான் அது. பேராலயம் கீழே சமவெளிக்கு இடம் மாறி 1220இல் அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு மேட்டின் மேல் இருந்த ஊர் மெல்ல மெல்லக் காலியானது. ஆனாலும் 1832 வரை அந்த வெற்று மேடு நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த மேட்டையும் அதனோடு வந்த இரண்டு நாடாளுமன்ற இடங்களையும் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் அவர்தான். பிரிட்டிஷ் பிரதமர்களாக இருந்த இரண்டு வில்லியம் பிட்களும் இவர் வம்சம். மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்ட் சாரத்தின் உறுப்பினராகத்தான்.

சரி, ஆதாரங்களுக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் திறப்பது விக்டோரியா கவுன்ட்டி வரலாற்றின் தடித்த சிவப்புத் தொகுதிகளை. 1899இல் விக்டோரியா மகாராணியின் பெயரால் தொடங்கி, இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் பாரிஷ் (ஓர் ஆலயத்தின் பங்கு எல்லை, அதுவே ஊர் நிர்வாக எல்லையும்) வாரியாக வரலாறு எழுதுவோம் என்று கிளம்பிய திட்டம் இது. இன்னும் முடியவில்லை. வில்ட்ஷயர் இதில் கொடுத்துவைத்த கவுன்ட்டி. 1953இல் இங்கே தொகுதிகள் வரத் தொடங்கி, 18ஆம் தொகுதி 2011இல் வெளிவந்தது. பக்கத்து டார்செட்டுக்கு வந்த சிவப்புத் தொகுதிகள் இரண்டே இரண்டு, அவற்றிலும் கிராமவாரியான பகுதி கிடையாது. வில்ட்ஷயர் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். சாலிஸ்பரியும் ஓல்ட் சாரமும் ஸ்ட்ராட்ஃபர்டும் 6ஆம் தொகுதியில் இருக்கின்றன.

இந்தத் தொகுதிகளின் பெரிய பலம் அடிக்குறிப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்தக் காப்பகத்தின் எந்தக் கட்டு ஆதாரம் என்று சொல்லிவிடுவார்கள். ஊரில் உலவும் கதைகளைத் தேதி வைத்து உடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. பிட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தபோது கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய வைரத்தை அவர் 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் அதை பிரான்ஸின் ரீஜன்டுக்கு, அதாவது சிறுவயது மன்னருக்குப் பதிலாக ஆண்டவருக்கு, 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ரீஜன்ட் வைரம் என்ற பெயரில் இருப்பது அதுதான். அந்த வைரக் காசில்தான் ஓல்ட் சாரத்தை வாங்கினார் என்று சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேனர், அதாவது அந்த ஊரின் பிரபுத்துவப் பண்ணை உரிமை, அவர் கைக்கு வந்தது 1690-களின் தொடக்கத்தில். அப்போது அவர் ஆளுநராகவே ஆகவில்லை, வைரத்தைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி, அனுமதியில்லாமல் இந்தியாவில் வணிகம் செய்து சேர்த்த பணம் அதற்கு முன்பே அவரிடம் இருந்தது. சொத்து கைமாறிய வரிசையை ஆண்டோடு அடுக்கித் தரும் நூல் கையில் இருந்தால் இந்தக் கதை ஐந்து நிமிடத்தில் நேராகிவிடும்.

இந்தத் தொகுதிகள் எழுதப்பட்ட முறையிலேயே ஒரு சாய்வும் உண்டு. பாரிஷ் எல்லை, மேனர் யாரிடமிருந்து யாருக்குப் போனது, விவசாயமும் தொழிலும், ஊர் நிர்வாகம், ஆலயம், மற்ற சபைகள், பள்ளி, அறக்கட்டளை என்று ஒரே வரிசையில் எல்லா ஊரும் வரும். மேனர் பகுதியில் ஐந்நூறு வருட வாரிசுரிமை பத்தி பத்தியாக ஓடும். அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர், நூல் நூற்றவள், வாய்க்கால் திருப்பியவர் ஆகியோர் பெயரோடு வருவது அபூர்வம். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. சொத்துப் பத்திரம்தான் அதிகம் பிழைத்தது, பிழைத்ததை வைத்து எழுதினார்கள். அதோடு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த தொகுதிகளில் அதற்குப் பிந்தைய அகழாய்வுகளோ, பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆய்வுகளோ இருக்க வழியில்லை. வாங்கியவர் பெயரெல்லாம் தெரிந்துகொள்ளலாம். வாழ்ந்தவர்களுக்கு வேறு இடம் போக வேண்டும்.

என் தேர்வு தசமபாக வரைபடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக இருந்தது. 1836இல் வந்த சட்டம் அதைப் பணமாக மாற்றியது. பணமாக மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டு நிலமும் யாருடையது, யார் பயிரிடுகிறார், எவ்வளவு பரப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா? அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பரப்பில் சுமார் முக்கால் பங்கை அளந்து வரைந்துவிட்டார்கள். நம் ஊர் புல வரைபடத்தையும் அடங்கலையும் சேர்த்து ஒரே ஆண்டில் ஒரு கிராமம் முழுவதற்கும் எழுதி வைத்தது போன்ற ஆவணம் அது. வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. கூட வரும் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர் பெயர், அனுபவிப்பவர் பெயர், வயலின் பெயர், உழவு நிலமா மேய்ச்சலா தோப்பா என்ற குறிப்பு, ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் பரப்பு, கட்ட வேண்டிய தொகை ஆகியவை இருக்கும். நாற்பது பெர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஒரு ஏக்கர்.

இதில் பிரபுவுக்கும் ஒரு வரி, குடிசையும் தோட்டமும் மட்டும் வைத்திருந்தவருக்கும் ஒரு வரி. ஊரின் அத்தனை வயல் பெயர்களும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். செங்கல் சூளை இருந்த இடம், புறாக்கூண்டு இருந்த இடம், துணிகளை இழுத்துக் கட்டிக் காயவைத்த மேடு என்று வயல் பெயரிலேயே தொழில் உட்கார்ந்திருக்கும். துணித் தொழிலில் கொழித்த பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் பக்கம் தேடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

வில்ட்ஷயருக்கு வரைபடம் ஏன் இன்னும் முக்கியம் என்றால், இந்தக் கவுன்ட்டியை மண்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறது. தெற்கும் கிழக்கும் சுண்ணாம்பு மேட்டு நிலம், ஆடும் தானியமும் சேர்ந்த பிழைப்பு. வடமேற்கு களிமண் பள்ளத்தாக்கு, பசுவும் பாலாடைக்கட்டியும். சுண்ணாம்புப் பகுதி பாரிஷ்களைப் படத்தில் பாருங்கள். ஆற்றங்கரையில் குறுகலாகத் தொடங்கி, மேட்டை நோக்கி நாடா மாதிரி நீண்டு போகும். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆற்றோரப் புல்வெளி கொஞ்சம், நடுச் சரிவில் உழவு நிலம், மேலே ஆடு மேயும் புல்மேடு என்று மூன்றும் கிடைக்கும்படி எல்லை போட்டிருக்கிறார்கள். பகலில் மேட்டில் மேய்ந்த ஆடுகளை இரவில் உழவு நிலத்தில் கிடை போடுவார்கள். அந்த எருவில்தான் கோதுமை விளைந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆற்று நீரை மெல்லிய படலமாகப் புல்வெளி மேல் ஓடவிட்டு, குளிர்காலத்திலேயே புல்லை முளைக்கவைக்கும் முறையும் இங்கே பரவியது. இந்த ஏற்பாடு முழுவதையும் படத்தில் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம். எழுத்தில் படித்து மனதில் கட்டுவதற்கு நாள் பிடிக்கும்.

தசமபாகப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. 1773இல் ஆண்ட்ரூஸ், டியூரி இருவரும் மைலுக்கு 2 அங்குலம் என்ற அளவில் வெளியிட்ட வில்ட்ஷயர் வரைபடம் ஒன்று. அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் மற்றொன்று. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் மைலுக்கு 6 அங்குலப் படங்களையும் 25 அங்குலப் படங்களையும் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நோ யுவர் பிளேஸ் என்ற தளத்தில் வில்ட்ஷயரின் பழைய படங்களை இன்றைய படத்தின் மேல் ஏற்றி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. அந்தப் படம் ஒரே ஒரு ஆண்டின் நிலவரம், முன்னும் பின்னும் சொல்லாது. பொதுநிலத்தை வேலியடைத்துப் பங்கிட்டபோதே தசமபாகத்துக்குப் பதிலாக நிலம் ஒதுக்கிக் கொடுத்துவிட்ட ஊர்களுக்குப் படம் இருக்காது, அல்லது ஒரு மூலைக்கு மட்டும் இருக்கும். அங்கே பங்கீட்டுத் தீர்ப்போடு வந்த வரைபடத்தைத் தேட வேண்டும். குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும் என்பதால் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு 1841 கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார்.

இங்கே சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. பழைய சென்னையைத் தெருத் தெருவாகக் காட்டும் மிகப் பழைய வரைபடங்களில் ஒன்று, 1710 வாக்கில் ஆனது, இதே தாமஸ் பிட்டின் உத்தரவில் அளந்து வரைந்தது. வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே 1707இல் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் தெருக்களை முன்வைத்துப் பெரிய தகராறு நடந்தது அவர் ஆட்சியில்தான். எந்தத் தெரு யாருக்கு என்பதில் அவருக்கு நேரடி அனுபவம் இருந்தது.

மூல ஆவணங்களுக்குப் போக வேண்டிய இடம் சிப்பனம் நகரில் உள்ள வில்ட்ஷயர் அண்ட் ஸ்விண்டன் ஹிஸ்டரி சென்டர். முன்பு ட்ரோபிரிட்ஜில் இருந்த கவுன்ட்டி ஆவணக்காப்பகம் 2007இல் இங்கே வந்தது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உள்ளே பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. போகும் முன் இணையத்தில் உள்ள அட்டவணையில் ஆவண எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சமாகும்.

இங்கே இருக்கும் செல்வங்களில் என் மனதுக்கு நெருக்கமானவை உயில்களும் அவற்றோடு வரும் சொத்துப் பட்டியல்களும். சாலிஸ்பரி மறைமாவட்ட நீதிமன்றங்களில் 1540 முதல் 1858 வரை பதிவான சுமார் 1,05,000 பேரின் உயில் ஆவணங்கள் இருக்கின்றன. வில்ட்ஷயரோடு பெர்க்ஷயர், டார்செட் பகுதிகளும் இதில் அடக்கம். ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போய் அறை அறையாக எண்ணி விலை போட்டு எழுதுவார்கள். சமையல் அறையில் பித்தளை அண்டா, மேல் அறையில் இறகு மெத்தை, கொட்டகையில் கம்பளி நூல், களஞ்சியத்தில் வாற்கோதுமை என்று பட்டியல் போகும். ஒரு நெசவாளி வீட்டில் எத்தனை தறி இருந்தது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் ஆவணம் எது?

உயில் எழுத எதுவும் இல்லாதவர்களுக்கு ஏழைகள் நிவாரணக் கட்டுகள். 1662 சட்டத்தின்படி ஓர் ஏழையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவர் சொந்த பாரிஷுக்கு. எனவே அவர் எந்த ஊர்க்காரர் என்று நீதிபதி முன் நிறுத்தி விசாரிப்பார்கள். பிறந்தது எங்கே, யாரிடம் எத்தனை வருடம் வேலை பார்த்தார், என்ன கூலி, எப்போது கல்யாணம் என்று அந்த வாக்குமூலத்தில் ஒரு கூலிக்காரரின் வாழ்க்கை முழுக்க இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் தன்வரலாறாகவே நான் இவற்றைப் படிக்கிறேன். கர்ப்பிணிப் பெண்களை அடுத்த பாரிஷுக்குத் தள்ளிவிட்ட உத்தரவுகளும் இதே கட்டுகளில் வரும். பிறக்கும் குழந்தை தங்கள் செலவில் வந்துவிடக் கூடாது என்ற கணக்கு. படிக்கும்போது மனம் கனக்கும், ஆனாலும் இவற்றை விட்டுவிட்டு எழுதும் கிராம வரலாறு முழுமையாகாது.

சிரமம் கையெழுத்தில். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு எழுத்தைப் பழகச் சில வாரங்களாவது வேண்டும். மேனர் நீதிமன்றக் குறிப்புகள் 1733 வரை பெரும்பாலும் சுருக்கெழுத்து லத்தீன். இன்னொரு சிக்கல், ஊரின் ஆவணம் கவுன்ட்டிக்குள்ளேயே இருக்கும் என்று நம்ப முடியாது. டரிங்டன் மேனர் வின்செஸ்டர் காலேஜுக்குச் சொந்தமாக இருந்ததால் அதைத் தேடி ஹாம்ப்ஷயர் போக வேண்டும். பிட்டைத் தேடுபவர் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களையும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளை மதராஸ் அரசு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சிட்டிருக்கிறது என்பது இதில் ஓர் ஆறுதல். காப்பகத்துக்கும் அச்சுத் தொகுதிக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. வில்ட்ஷயர் ரெக்கார்ட் சொசைட்டி மூல ஆவணங்களைப் படித்து, தெளிந்த எழுத்தில் அச்சிட்டுவருகிறது. கையெழுத்து பழகும் வரை இதுவே போதும்.

செய்தித்தாள்களுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ். 2011இல் தொடங்கிய இந்தக் கட்டணத் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் நொடியில் நூற்றுக்கணக்கான துணுக்குகள் வந்து விழும். தேடுபவருக்கு இதைவிட உற்சாகம் தரும் வழி இல்லை. வேகம்தான் இதன் ஆபத்தும். இயந்திரம் படித்த எழுத்து என்பதால் பிழை ஏராளம், பழைய நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று படித்துவிடும். பிழையான எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்தத் தாள் யாருக்காக அச்சானது என்பது. 1830 நவம்பரில் தென் இங்கிலாந்து முழுவதும் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை கையால் கதிரடிப்பது, இயந்திரம் அதையும் பறித்தது. வில்ட்ஷயர் இதில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கவுன்ட்டி. நவம்பர் 25 அன்று டிஸ்பரிக்கு அருகே பிட்ஹவுஸ் பண்ணையில் குதிரைப்படைக்கும் கூலிகளுக்கும் மோதல் நடந்து கூலிக்காரர் ஒருவர் செத்தார். பண்ணையின் சொந்தக்காரர் ஜான் பெனட் நாடாளுமன்ற உறுப்பினர். 1831 ஜனவரியில் சாலிஸ்பரியில் சிறப்பு நீதிமன்றம் கூடி, வில்ட்ஷயர்க்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கும் டாஸ்மேனியாவுக்கும் கப்பலேற்றத் தீர்ப்பளித்தது. அன்று ஒரு செய்தித்தாளின் விலை முத்திரை வரியோடு சேர்த்து 7 பென்ஸ். வில்ட்ஷயர் கூலிக்காரரின் வாரக் கூலி 7, 8 ஷில்லிங் சுற்றித்தான். யார் வாங்கிப் படித்தார்களோ அவர்கள் பயத்தைத்தான் அந்தத் தாள்கள் பேசின. தண்டனை பெற்றவர்களைக் கும்பல் என்று செய்தி சொல்லும். அதே ஆட்களை வயது, குடும்பம், முந்தைய நடத்தை என்று தனித்தனி மனிதர்களாகக் காட்டுவது சிறை ஆவணங்களும் கப்பல் பதிவேடுகளும், குடும்பத்தை நடுத்தெருவில் விட்டதைச் சொல்லும் பாரிஷ் நிவாரணக் கணக்கும்தான். செய்தித்தாளைத் தேதி பிடிக்கவும் நிகழ்ச்சிப் போக்கு தெரிந்துகொள்ளவும் எடுங்கள், தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள். பிட்ஹவுஸ் நிகழ்வுக்கு நான் வரிசைப்படுத்தினால் செய்தித்தாளுக்கு மூன்றாம் இடம்தான்.

ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டண வம்சாவளித் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் தேட நல்லவை, ஊர் தேட அவ்வளவாக உதவாது. 1921 கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. 1931 கணக்கெடுப்பு தீயில் எரிந்துபோனது, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. இந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியதும் மக்களைப் பெயர் வாரியாக எழுதிய 1939 பதிவேடு ஒன்றே துணை. பொது நூலகக் கணினிகளில் இத்தளங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும், சந்தா கட்டும் முன் கேட்டுப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டைத் தொடுபவருக்கு வாய்மொழி மற்ற எல்லாவற்றையும் முந்திவிடும். ஸ்விண்டன் ரயில்வே பட்டறை 1843இல் திறந்து 1986இல் மூடியது. அங்கே கடைசித் தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கொதிகலன் பிரிவின் சத்தம், செவித்திறன் போன கதை, பட்டறைச் சங்கு ஊதினால் நகரமே எழுந்தது ஆகியவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. இவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும், காப்பகக் கட்டு அடுத்த வருடமும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

எனவே என் வரிசை இப்படி. தசமபாகப் படத்தை முதலில் பார்த்து ஊரின் உடம்பைத் தெரிந்துகொள்வது. பிறகு சிவப்புத் தொகுதியைப் படித்து காலவரிசையையும் அடிக்குறிப்புகளையும் எடுத்துக்கொள்வது. அந்த அடிக்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சிப்பனம் போவது. செய்தித்தாள் கடைசி. வீட்டின் வரலாறு மட்டும் வேண்டும் என்பவருக்கும் இதே வரிசைதான், சிவப்புத் தொகுதியைத் தாண்டிவிடலாம். வில்ட்ஷயருக்கு வர முடியாமல் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து பிட் போன்ற ஒருவரைத் தேடுபவர் மட்டும் தொகுதியிலிருந்து தொடங்குவது நல்லது.

அப்புறம், தேடியதை எப்படிப் பகிர்வது? இங்கேயும் போட்டி உண்டு. வில்ட்ஷயர் தொல்லியல், இயற்கை வரலாற்றுச் சங்கம் 1853இல் டிவைசஸில் தொடங்கியது. அதன் ஆய்விதழ் 1854 முதல் வருகிறது. அதில் ஒரு கட்டுரை வந்தால் மதிப்பு அதிகம். அறிஞர்கள் சரிபார்ப்பார்கள், நூறு வருடம் கழித்தும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த ஊரில் வாழ்பவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டுவார்கள்?

ஊர் நடை இதற்கு நேர் எதிர். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு பழைய வரைபட நகலோடு தெருவில் நடந்தால், அந்தக் கொட்டகை சூளையே இல்லை, என் தாத்தா அங்கே குதிரை கட்டினார் என்று யாராவது சொல்வார். அப்படி வரும் திருத்தம் எந்த ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்தும் வராது. ஆண்டுதோறும் செப்டம்பரில் பழைய கட்டிடங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் இதற்குப் பொருத்தமான காலம். இம்பர் கிராமத்தின் உதாரணம் இன்னும் பெரியது. சாலிஸ்பரி சமவெளியில் இருந்த இந்த ஊர் மக்களை, ராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று 1943 நவம்பர் 1 அன்று கூட்டிச் சொல்லி, டிசம்பர் 17க்குள் வெளியேற்றினார்கள். மறுபடி குடியேற விடவே இல்லை. 2009 முதல் வருடத்தில் ஒரு நாள் வார்மின்ஸ்டரிலிருந்து சிவப்பு மாடிப் பேருந்துகள் அங்கே ஓடுகின்றன. செயின்ட் கைல்ஸ் ஆலயம் திறந்திருக்கும். இம்பரைப் பற்றி ஒரு வரி படிக்காதவர்களும் பேருந்துக்காக வந்து, ஊர் போன கதையைத் தெரிந்துகொண்டு போகிறார்கள். பகிர்வதில் இதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நடை முடிந்ததும் கலைந்துவிடும் என்பதால் சிறு அச்சு நூலையும் நான் விடமாட்டேன். இணையப் பக்கம் எளிது, படங்களைத் தாராளமாகப் போடலாம், தவறைத் திருத்தலாம். ஆனால் நடத்துபவர் கட்டணம் கட்டுவதை நிறுத்திய நாளில் மறைந்துபோகும். நாற்பது பக்க நூலை நூறு பிரதி அடித்தாலும், வெளியான ஒரு மாதத்துக்குள் ஒரு பிரதியை பிரிட்டிஷ் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்பினால் அது அங்கேயே பாதுகாப்பாக இருக்கும். இன்னொரு பிரதியைச் சிப்பனம் ஹிஸ்டரி சென்டருக்குக் கொடுத்துவிட்டால் அடுத்துத் தேட வருபவர் மேசையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஆவண எண்ணை எழுதிவிடுங்கள். ஆவண எண் இல்லாத கிராம நூல்களில் உள்ள அருமையான தகவல்கள் மற்றவர்கள் பயன்படுத்த முடியாமல் கிடக்கின்றன.

எந்த வழியில் பகிர்ந்தாலும் உரிமை விஷயத்தில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1969க்கு முன் இறந்துபோன ஒருவர் எழுதி, 1989 ஆகஸ்ட் வரை அச்சாகாமல் இருந்த கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றின் பதிப்புரிமை 2039 முடிவு வரை நீடிக்கும். எழுதியவர் இறந்து முந்நூறு வருடம் ஆகியிருந்தாலும் அதே விதிதான். எனவே பதினெட்டாம் நூற்றாண்டுப் பண்ணைக்காரர் ஒருவரின் நாட்குறிப்பு காப்பகத்தில் கண்ணில் பட்டால், அதை முழுதாகப் படியெடுத்து நூலில் போடும் முன் அங்குள்ள காப்பாளரிடமும், தெரிந்தால் வாரிசுகளிடமும் கேட்க வேண்டும். அதில் உள்ள தகவலை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.